ரிட்டர்ன் பெட்டியைப் பிரிக்கும் முன் வீடியோ எடுங்கள்

நாச்சியார்கோவில் குத்துவிளக்குகளை ஆன்லைனில் விற்கிறேன். ஒருமுறை திரும்பி வந்த பெட்டியில் அடிப்பாகம், தண்டு, தட்டு எல்லாம் இருந்தன. உச்சியில் திருகும் அன்னத்தை மட்டும் காணோம். ஆதாரம் இல்லாததால் இழப்பீடும் கிடைக்கவில்லை. பட்டறைக்காரர் உழைப்பு வீணானதுதான் ரொம்ப வருத்தம்.

இப்போது அனுப்பும்போதும், திரும்பி வரும்போதும் நிறுத்தாமல் ஒரே வீடியோ. முதலில் லேபிளில் உள்ள கூரியர் எண், அப்புறம் பெட்டியின் ஆறு பக்கமும் ஒட்டிய டேப்பும், பிறகுதான் கத்தி. ஒவ்வொரு பாகத்தையும் தராசில் வைத்து எடையைக் காட்டுங்கள். குறை இருந்தால் அன்றைக்கே கிளெய்ம் போடுங்கள். அதற்கான கெடு, விற்கும் ஆன்லைன் தளத்துக்குத் தளம் மாறும்.

திருகு பொருந்தாதது போல நம் பக்கத் தவறு என்றால், வாதாடாமல் பணத்தைத் திருப்பிவிடுங்கள்.