புதிய காரைத் திருட்டிலிருந்து காப்பது: முதல் வாரத்தில் செய்ய வேண்டியவை

இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனிப்பட்ட பாவனைக்கான கார்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. வரிகளும் சேர்ந்துகொண்டதால், இன்று ஒரு ஹொண்டா வெசலோ டொயோட்டா ரைஸோ வாங்குவது பல குடும்பங்களுக்கு வீட்டுக்கு அடுத்தபடியான பெருஞ்செலவாக இருக்கிறது. ஆனாலும் திருகோணமலையில் கார் வாங்கியவர் முதல் வாரத்தில் செய்வதைப் பாருங்கள்: சீற் கவர் போடுவார், கண்ணாடிக்குக் கறுப்புத் தாள் ஒட்டுவார், பத்திரகாளி அம்மன் கோவில் வாசலில் சில்லுக்கடியில் தேசிக்காய் வைத்து நசுக்குவார். இவற்றில் எதையும் நான் தவறென்று சொல்லவில்லை. அதே வாரத்தில் முடித்துவிட வேண்டிய வேறு சில வேலைகளும் இருக்கின்றன. அவற்றைச் செய்ய வேண்டிய ஒழுங்கில் கீழே விளக்குகிறேன். திறப்பும் பத்திரங்களும் முதலில் வருகின்றன, காசு கொடுத்து வாங்கும் கருவிகள் பின்னால் வருகின்றன. பலர் இந்த ஒழுங்கைத் தலைகீழாகச் செய்வதால்தான் விலையுயர்ந்த ஜி.பி.எஸ். பூட்டிய காரின் திறப்பு வாசற்கதவருகே ஆணியில் தொங்குகிறது.

படி 1: பத்திரங்கள்

பாவித்த காரை வாங்கியிருந்தால், முன்னைய உரிமையாளர் கையொப்பமிட்ட படிவங்களை மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் ஓடும் ‘ஓப்பன் பேப்பர்’ பழக்கத்தை உடனே கைவிடுங்கள். பதிவுச் சான்றிதழில் உங்கள் பெயர் இல்லாத காரைத் திருடன் கொண்டுபோனால், பொலிஸிலும் காப்புறுதி நிறுவனத்திலும் கார் உங்களுடையது என்று நிறுவுவதிலேயே முதல் நாட்கள் கழிந்துவிடும். அந்த நாட்கள்தான் காரைக் கண்டுபிடிக்க உதவும் நாட்கள். ஆகவே மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் உரிமை மாற்றத்தை முதலில் முடியுங்கள். லீசிங்கில் எடுத்த காராயின் முழு உரிமையாளராக லீசிங் நிறுவனத்தின் பெயரே பதிவாகியிருக்கும். கார் காணாமற்போனாலும் தவணை நின்றுவிடாது என்பதையும் மனதில் வையுங்கள்.

மூன்றாம் தரப்புக் காப்புறுதி திருட்டுக்கு ஒரு சதமும் தராது. முழுக் காப்புறுதியே தேவை. காரின் பெறுமதியை இன்றைய சந்தை விலைக்கு எழுதுவித்து, விலை மாறும்போது ஆண்டுதோறும் திருத்துவியுங்கள். மூலப் பதிவுச் சான்றிதழை ஒருபோதும் காருக்குள் வைக்க வேண்டாம். வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி அட்டை, சாரதி அனுமதிப்பத்திரம் ஆகிய மூன்றும் வீதியில் போதும்.

காரின் உடலில் பொறித்திருக்கும் அடையாள எண்ணான சேசிஸ் இலக்கத்தைச் சான்றிதழில் பார்த்து எழுதுவதோடு நிற்காமல், காரிலேயே தேடிப் படம் எடுங்கள். ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்காகச் செய்யப்பட்ட கார்களில் 17 எழுத்துகள் கொண்ட சர்வதேச இலக்கம் இருக்காது. மாதிரிக் குறியீடு, ஓர் இடைக்கோடு, அதன்பின் ஆறு அல்லது ஏழு இலக்கங்கள் என்றே அமைந்திருக்கும். அந்த இலக்கத்தை எல்லாக் கண்ணாடிகளிலும் ஓர் ஓரத்தில் பொறிப்பித்தால், திருடியவர் இலக்கத்தகட்டை மாற்றுவதோடு கண்ணாடிகளையும் மாற்ற வேண்டிவரும்.

படி 2: எத்தனை திறப்புகள் உள்ளன?

கையில் இருக்கும் திறப்புகளைவிடக் காரின் கணினியில் பதிவாகியிருக்கும் திறப்புகளின் எண்ணிக்கையே முக்கியமானது. ஜப்பானிலிருந்து ஒரே திறப்போடு வந்த கார்களும் உண்டு. இங்கே இரண்டு மூன்று கை மாறிய கார்களும் உண்டு. ஸ்கானர் வைத்திருக்கும் நல்ல ஓட்டோ இலெக்ட்ரீசியனிடம் கொண்டுபோனால் எத்தனை திறப்புகள் பதிவில் உள்ளன என்று பார்த்துச் சொல்வார். இரண்டு உங்கள் கையில் இருக்க, மூன்று பதிவாகியிருந்தால், எல்லாவற்றையும் அழித்துவிட்டு உங்கள் இரண்டையும் மட்டும் மீண்டும் பதியச் சொல்லுங்கள். வேலை முடியும்வரை பக்கத்திலேயே நில்லுங்கள். சேர்விஸ் நிலையத்துக்கோ கார் கழுவுமிடத்துக்கோ கொடுக்கும்போது ஒரு திறப்பை மட்டும் கொடுங்கள். வீட்டுத் திறப்புகளை அதே வளையத்தில் கோக்காதீர்கள்.

படி 3: ஸ்மார்ட் திறப்பை வீட்டுக்குள் மௌனமாக்குதல்

சட்டைப்பையில் திறப்பு இருக்கக் கைப்பிடியைத் தொட்டவுடன் கதவு திறக்கும் வசதியே இன்றைய கார்களின் மிகப் பெரிய ஓட்டை. கார் குறைந்த அதிர்வெண்ணில் ஓர் அழைப்பை அனுப்புகிறது, ஏறத்தாழ ஒரு மீற்றருக்குள் இருக்கும் திறப்பு அதைக் கேட்டுப் பதில் சொல்கிறது, கார் திறக்கிறது. திருடர்கள் இருவராக வந்து, ஒருவர் காரருகே நின்று அந்த அழைப்பைப் பிடித்து அனுப்ப, மற்றவர் உங்கள் வாசற்கதவோரம் நின்று அதைப் பெருக்கி ஒலிபரப்பினால், உள்ளே மேசையில் கிடக்கும் திறப்பு தான் காருக்குப் பக்கத்தில் இருப்பதாகவே நினைத்துப் பதில் சொல்லிவிடும். கண்ணாடி உடையாது, அலாரம் அடிக்காது. புறப்பட்டபின் திறப்பு தூரமாகிவிட்டாலும் எஞ்சின் நிற்காது. ஓடும் காரை இடையில் நிறுத்துவது ஆபத்து என்பதால் உற்பத்தியாளர்களே அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள்.

இதற்கு மருந்து மலிவானது. உட்புறம் உலோக இழை நெய்த சமிக்ஞை மறைப்புப் பைகள் இரண்டை வாங்கி, இரண்டு திறப்புகளையும் இரவில் அவற்றுக்குள் இடுங்கள். பையை நம்புமுன் சோதித்துப் பாருங்கள்: திறப்பைப் பைக்குள் வைத்து மூடி, பையைக் கையில் பிடித்தபடி சாரதிக் கதவை ஒட்டி நின்று கைப்பிடியைத் தொடுங்கள். கதவு திறந்தால் அந்தப் பை வெறும் துணி. மடிக்கும் இடத்தில் உலோக இழை நாளடைவில் அறுந்துபோகும் என்பதால் இச்சோதனையைச் சில மாதங்களுக்கு ஒருமுறை திரும்பச் செய்யுங்கள். பிஸ்கட் தகரத்துக்குள் போட்டால் போதும் என்பவர்கள் அந்தத் தகரத்தையும் இதே முறையில் சோதித்துவிட்டு அப்புறம் சொல்லட்டும். மூடி சரியாகப் பொருந்தாத தகரம் பெரும்பாலும் தோற்றுவிடும்.

டொயோட்டாவின் பல மாதிரிகளில் பை இல்லாமலே ஒரு வழி உண்டு. திறப்பில் பூட்டும் பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே திறக்கும் பொத்தானை இருமுறை அழுத்தினால், சிறு விளக்கு நான்கு முறை மின்னி, திறப்பு பற்றரி சேமிப்பு நிலைக்குப் போய்விடும். காரின் அழைப்புக்குப் பதில் சொல்லாது. காலையில் ஏதாவது ஒரு பொத்தானை அழுத்தினால் விழித்துக்கொள்ளும். பற்றரிக்காக வைத்த வசதி திருட்டுக்கும் தடையாகிறது. உங்கள் மாதிரியில் இது இருக்கிறதா என்று காரோடு வந்த கைநூலில் பாருங்கள். நூல் ஜப்பானிய மொழியில் இருந்தால் செய்து பார்த்தே அறிந்துகொள்ளலாம், அதனால் தீங்கொன்றும் இல்லை.

படி 4: கடற்கரையில் திறப்பை எங்கே வைப்பது?

கொழும்பில் எழுதப்படும் குறிப்புகளில் இந்தக் கேள்வி வருவதில்லை. திருகோணமலைக்காரருக்கு இது ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வரும் கேள்வி. நிலாவெளியில் காரை நிறுத்திவிட்டுப் புறாத்தீவுக்குப் படகேறுகிறோம், அல்லது உப்புவெளியில் பிள்ளைகளோடு கடலுக்குள் இறங்குகிறோம். ஸ்மார்ட் திறப்பு உப்புநீரில் நனைந்தால் பழுதாகிவிடும் என்பதற்காக அதை முன்சில்லின் மேலே ஒளித்து வைப்பவர்கள் பலர். சில்லின் மேலே இருக்கும் திறப்புக்கும் கதவுக்கும் இடைவெளி ஒரு மீற்றர்கூட வராத கார்கள் உண்டு. அப்படியானால் அது ஒளித்து வைத்ததாகாது. கைப்பிடியைத் தொடும் எவருக்கும் கார் தானாகவே திறந்துவிடும், திருடன் குனிந்து தேடவே வேண்டியதில்லை.

நீர்புகாத பிளாஸ்டிக் உறையில் இட்டுக் கழுத்தில் தொங்கவிடுவதே சிறந்த வழி. படகுகளில் கைத்தொலைபேசிக்காக விற்கும் உறையே போதும். முதலில் ஒரு கடதாசித் துண்டைப் போட்டு வாளித் தண்ணீரில் அமுக்கி, அது உலர்ந்தே வெளிவருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கரையில் குளிக்காமல் இருப்பவர் ஒருவர் இருந்தால் அவர் கையில் கொடுங்கள். முன்பின் அறியாத கடைக்காரரிடம் கொடுத்துவிட்டுப் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கூட்டமான இடங்களில் இன்னொன்று. கோணேசர் கோவிலில் திருவிழா நாளில் நிறுத்தும்போதோ, மத்திய வீதிக் கடைத்தெருவில் இறங்கும்போதோ, பொத்தானை அழுத்திவிட்டுத் திரும்பிப் பாராமல் நடக்க வேண்டாம். பக்கத்தில் எவராவது அலைவரிசைத் தடுப்பானை இயக்கினால் உங்கள் பூட்டும் கட்டளை காரை எட்டாது. சமிக்ஞை விளக்குகள் மின்னின, பக்கக் கண்ணாடிகள் மடிந்தன என்பதைக் கண்ணால் கண்டபின் நகருங்கள். திறப்பைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கைப்பிடியை இழுத்துப் பார்ப்பதால் பயனில்லை. உங்களைக் கண்டு கதவு மறுபடியும் திறந்துகொள்ளும்.

படி 5: கண்ணுக்குத் தெரியும் பூட்டு

ஸ்ரியரிங்கில் மாட்டும் இரும்புப் பூட்டு பழைய காலத்துப் பொருளென்று சிரிப்பவர்கள் இருக்கிறார்கள். மேலே சொன்ன கம்பியில்லா வித்தைகள் எவையும் இரும்பிடம் செல்லாது என்பதால் நான் அதையே முதலில் வாங்கச் சொல்வேன். நிறம் பளிச்சென்று இருக்கட்டும். கண்ணாடி வழியே தெரிய வேண்டும். நம் ஊர் உப்புக்காற்றில் பூட்டின் திறப்புத் துளை விரைவில் துருப்பிடிக்கும்; அதற்கு எண்ணெய் விட்டால் தூசி ஒட்டி அடைத்துக்கொள்ளும், கிராபைட் தூள் போடுங்கள்.

படி 6: மறைவான சுவிட்ச்

திருட்டு வேறு வழியிலும் நடக்கிறது. 2022இல் லண்டனில் இயன் டேபர் என்ற வாகனக் கணினிப் பாதுகாப்பு ஆய்வாளரின் சொந்த டொயோட்டா ராவ்4 திருடப்பட்டது. முன்விளக்கின் வயர்களைக் கழற்றி, ‘கேன்’ எனப்படும் உள்வலையமைப்பில் போலிச் செய்திகளைப் புகுத்தியே அதைத் திறந்திருக்கிறார்கள் என்பதை அவரும் கென் டிண்டெல் என்ற நிபுணரும் ஆராய்ந்து கண்டுபிடிக்க, டிண்டெல் 2023இல் அதை விரிவாக எழுதி வெளியிட்டார். இதற்குப் பயன்பட்ட கருவி சாதாரண ஒலிபெருக்கி போலத் தோற்றமளித்தது. இத்தகைய தாக்குதலுக்குத் திறப்புப் பை உதவாது. காரை இயங்கவிடாத மறைவான சுவிட்ச் உதவும்.

இங்கே கைபிரிட் உரிமையாளர்கள் கவனிக்க வேண்டும். பல மெக்கானிக்குகள் வழக்கப்படி எரிபொருள் பம்பின் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சைப் பூட்டிவிடுவார்கள். பெற்றோல் கார் அதனால் நின்றுவிடும். கைபிரிட் கார் பற்றரியின் பலத்தில் சத்தமின்றி அடுத்த சந்திவரை போய்விடும். போதாதற்கு எஞ்சின் பற்றாமல் உயர் அழுத்தப் பற்றரி வடிந்து பெருஞ்செலவும் வந்து சேரும். ஆகவே கார் ஓடத் தயார் என்று காட்டும் ‘ரெடி’ விளக்கே எரியாதபடி துண்டிக்கத் தெரிந்தவரிடம் மட்டும் இவ்வேலையைக் கொடுங்கள். செம்மஞ்சள் நிறக் கேபிள்களை எவரும் தொடக் கூடாது. அவற்றில் உயிரைக் குடிக்கும் மின்னழுத்தம் இருக்கிறது. பிரேக் விளக்கையோ காற்றுப்பையையோ பாதிக்கும் எந்த இணைப்பையும் ஏற்க வேண்டாம். உத்தரவாதம் உள்ள புதிய காராயின் விற்பனை முகவரிடம் முதலில் எழுத்தில் கேளுங்கள்.

ஸ்ரியரிங்குக்குக் கீழே உள்ள, காரின் கணினியோடு ஸ்கானரை இணைக்கும் ஓ.பி.டி. துளைக்கு ஒரு பூட்டு மூடி போடுவதும் நல்லது. புதிய திறப்பைப் பதிய விரும்பும் திருடனுக்கு அதுவே நுழைவாயில்.

படி 7: ஜி.பி.எஸ்.

ஜி.பி.எஸ். கருவி திருட்டைத் தடுப்பதில்லை, திருடிய காரைத் தேடவே உதவுகிறது. அதில் இடும் சிம் அட்டையின் டேட்டா தீர்ந்து கருவி மாதக்கணக்கில் ஊமையாய்க் கிடப்பதுதான் நடைமுறையில் அடிக்கடி காணும் பழுது. வாரத்தில் ஒருநாள் செயலியைத் திறந்து, கார் இருக்கும் இடத்தைத்தான் காட்டுகிறதா என்று பாருங்கள். காரின் பற்றரியைக் கழற்றினாலும் இயங்கும்படி உள்பற்றரி கொண்டதையும், சமிக்ஞை இல்லாத இடங்களில் பாதையைச் சேமித்து வைத்துப் பின்னர் அனுப்புவதையும் கேட்டு வாங்குங்கள். எயார்டாக் போன்ற, இருக்குமிடத்தைக் காட்டும் சிறு வில்லைகள் அருகில் கடந்துபோகும் ஐபோன்களின் தயவில் இயங்குபவை. ஹொரவப்பொத்தானை வழிக் காட்டுப் பாதையில் அந்தத் தயவு கிடைப்பது அரிது. தவிர, திருடனிடம் ஐபோன் இருந்தால் வில்லையே தன்னைக் காட்டிக் கொடுத்துவிடும்.

படி 8: வீட்டில் நிறுத்துதல்

கேற்றுக்குள் நிறுத்துங்கள், முன்பக்கம் மதிலை ஒட்டியிருக்கட்டும், பின்னால் மோட்டார் சைக்கிளைக் குறுக்கே விடுங்கள். அசைவைக் கண்டு எரியும் விளக்கு நல்லதுதான். ஆனால் நம் நகரில் இரவில் புள்ளிமான்கள் மதிலோரம் மேய வருவதால், அதன் கோணத்தை மதிலுக்கு உட்புறமாகத் திருப்பாவிட்டால், சில நாட்களிலேயே வீட்டார் அந்த விளக்கைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடுவார்கள்.

படி 9: இரவலும் வாடகையும்

வெளிநாட்டிலிருக்கும் உறவினர் விடுமுறைக்கு வந்து ஓடுவதற்காக வாங்கி வைத்த கார்களை மற்றைய மாதங்களில் வாடகைக்குக் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. நீங்களே விரும்பித் திறப்பைக் கொடுத்து, எடுத்தவர் போலிப் பத்திரத்தோடு அதை அடகு வைத்துவிட்டால், சட்டம் அதைத் திருட்டென்று கொள்ளாமல் நம்பிக்கை மோசடி என்றே கொள்ளக்கூடும். தனிப்பட்ட பாவனைக்கு எடுத்த காப்புறுதி வாடகை ஓட்டத்துக்குப் பொருந்தாமற்போகவும் கூடும். ஒப்பந்தத்தின் விலக்குகள் பகுதியை வாசித்து, சந்தேகமானால் நிறுவனத்திடம் எழுத்தில் பதில் வாங்குங்கள்.

படி 10: காணாமற்போனால்

திருகோணமலையை விட்டு வாகனம் வெளியேறப் பிரதான வீதிகள் நான்குதான்: ஹொரவப்பொத்தானை வழியாக அநுராதபுரத்துக்கு, கந்தளாய் வழியாக ஹபரணைக்கு, கிண்ணியா மூதூர் வழியாக மட்டக்களப்புக்கு, நிலாவெளி வழியாகப் புல்மோட்டைக்கு. கார் இல்லையென்று கண்டவுடனே 119க்கு அழைத்தால் இந்த வீதிகளில் உள்ள பொலிஸ் நிலையங்களுக்குச் செய்தி முந்திப்போக வாய்ப்புண்டு. உறவினர்களுக்கெல்லாம் வட்ஸ்அப் அனுப்பிவிட்டு அழைத்தால் கார் முந்திவிடும். இலக்கத்தகடு, நிறம், சேசிஸ் இலக்கம், கீறல் போன்ற அடையாளங்கள், படங்கள் ஆகியவற்றை ஒரே கோப்பில் கைத்தொலைபேசியில் முன்கூட்டியே வைத்திருந்தால் பதற்றத்தில் தடுமாற வேண்டியதில்லை. ஜி.பி.எஸ். இடத்தைக் காட்டினாலும் நீங்களாகத் துரத்திப் போக வேண்டாம். திரையைப் பொலிஸாரிடம் காட்டுங்கள்.

அடுத்து பொலிஸ் நிலையத்தில் எழுத்து மூலம் முறைப்பாடு செய்து பிரதியை வாங்கி, அன்றே காப்புறுதி நிறுவனத்துக்கும் லீசிங் நிறுவனத்துக்கும் அறிவியுங்கள். உரிமை மாற்றம் நடவாதபடி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கும் அப்பிரதியோடு கடிதம் அனுப்புங்கள். காப்புறுதி நிறுவனம் இழப்பீட்டைத் தீர்மானிக்கும்போது காரின் எல்லாத் திறப்புகளையும் கேட்பது வழக்கம் என்பதால், இரண்டாவது திறப்பு எங்கே இருக்கிறது என்பது வீட்டில் குறைந்தது இருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.