ஆடிக்கு முன்பே தொடங்க வேண்டிய வேலை: சேலத்துக் கூட்டுத் தோட்டங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்ற சொல்லை நம்பித்தான் சேலத்தில் பல தோட்டக் குழுக்கள் தொடங்குகின்றன. குடியிருப்பில் ஒரு காலி மனை கிடைக்கிறது. ஆளுக்கு இவ்வளவு என்று சந்தா போட்டு, நர்சரியில் நாற்று வாங்கி, அந்த ஞாயிற்றுக்கிழமையே நட்டு விடுகிறார்கள். ஐப்பசி மழை வரும்போது பாதிச் செடி இருக்காது. பட்டத்தின் மேல் குற்றமில்லை. அந்தப் பழமொழி வைகாசியிலேயே உழுது, எருவடித்து, தயாராகக் காத்திருந்த குடியானவருக்குச் சொன்னது. கூட்டுத் தோட்டத்தில் கெட்டுப் போகும் பெரும்பாலானவை இந்த அவசரத்தால் கெடுகின்றன. மிச்சம், ஒரே செடியைப் பத்துப் பேர் கவனிப்பதால் கெடுகிறது.

மண்ணைப் பார்க்காமல் நடுவது

சேலத்து மண் ஒரே மண் இல்லை. பெரும்பகுதி செம்மண், தண்ணீர் சீக்கிரம் வடிந்துவிடும், சத்து தங்காது. மாக்னசைட் என்ற கனிமத்தை வெட்டும் கருப்பூர்ப் பக்கம் மண்ணில் மெக்னீசியம் தூக்கலாக இருக்கும். காய்ந்தால் கட்டி கட்டியாக இறுகும். நகருக்குள் கிடைக்கும் காலி மனையிலோ மேல்மண் பெரும்பாலும் மண்ணே இல்லை, கட்டட இடிபாடு. சிமெண்டும் சுண்ணாம்புக் காரையும் கலந்த அந்த மண்ணில் காரம் ஏறியிருக்கும். அதே நேரம் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காட்டுக்குப் போனால், மழையில் கழுவுண்ட அமில மண்.

அதனால்தான் ஒரு தோட்டத்துக்குச் சொன்ன வைத்தியம் இன்னொரு தோட்டத்துக்கு விஷமாகிறது. அடுப்புச் சாம்பலும் சுண்ணாம்பும் ஏற்காட்டுப் பாத்திக்கு நல்லது செய்யலாம். கீழே, ஏற்கெனவே காரமான மண்ணில் அதையே தூவினால் மண்ணில் இருக்கும் இரும்புச் சத்து வேருக்கு எட்டாமல் பூட்டிக்கொள்ளும். அடையாளம் எளிது: அடி இலை பச்சையாக இருக்கும், நுனிக் கொழுந்து மட்டும் வெளிறி மஞ்சளாகி, நரம்புகள் பச்சைக் கோடாகத் தெரியும். இதைத் தழைச்சத்துக் (நைட்ரஜன்) குறை என்று நினைத்து மேலும் மேலும் எரு கொட்டுவார்கள். தழைச்சத்துக் குறைந்தால் அடி இலைதான் முதலில் மஞ்சளாகும். கொழுந்து வெளிறினால் லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பும் (இரும்பு சல்பேட்) அரை எலுமிச்சம்பழச் சாறும் கலந்து மாலையில் இலை மேல் தெளித்து, பத்து நாள் கழித்து இன்னொரு முறை தெளித்தால் போதும். சாம்பலை நிறுத்திவிட வேண்டும்.

மண் பரிசோதனைக்கு ஆகும் செலவு நாற்றுக்கு ஆகும் செலவை விடக் குறைவு. சந்தியூரில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரிக்கலாம். மாதிரி எடுப்பதில்தான் தவறு நடக்கிறது: வாசல் பக்கம் ஒரே இடத்தில் மேலாக ஒரு பிடி அள்ளிக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறார்கள். மேலே கிடக்கும் சருகை ஒதுக்கிவிட்டு, அரை அடி ஆழத்துக்குச் சரிவாகக் குழி வெட்டி, குழியின் பக்கச் சுவரை மேலிருந்து கீழ்வரை ஒரே கனத்தில் சுரண்ட வேண்டும். இப்படிப் பத்து இடத்தில் எடுத்துக் கலந்து, பரப்பி, நான்காகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பங்கைத் தள்ளி, மறுபடி கலந்து, அரைக் கிலோ மிஞ்சும்வரை குறைக்க வேண்டும். மர நிழல், எருக்குழி ஓரம், வாய்க்கால் கரை ஆகிய இடங்களில் எடுக்கக் கூடாது. நிழலில் உலர்த்தித் துணிப்பையில் கொடுங்கள்.

முடிவு வரும்வரை நிலம் சும்மா கிடக்க வேண்டியதில்லை. வைகாசித் தொடக்கத்தில் கோடை மழை ஒன்று கிடைத்ததும் நூறு சதுர அடிக்கு 50 கிராம் வீதம் பசுந்தாள் உரச் செடியான சணப்போ தக்கைப்பூண்டோ விதைத்தால், 45 நாளில் பூவெடுக்கும். அப்போது வெட்டி மண்ணோடு மடக்கிப் புரட்டி, பதினைந்து நாள் மக்க விட்டால் ஆடி பிறந்திருக்கும். காலண்டர் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிற ஊரில் மே மாதத்தை வீணாக்குவது பெரிய இழப்பு.

பச்சைச் சாணியும் கழுவாத தேங்காய் நார்க் கழிவும்

‘இயற்கை உரம்தானே, அதிகமானால் என்ன?’ என்ற எண்ணம் செடியைக் கொல்லும். பச்சைச் சாணி மண்ணுக்குள் மக்கும்போது சூடு கிளம்பி வேர் கருகும். கூடவே களை விதையும் வண்டுப் புழுவும் வரும். எருவைக் கைநிறைய அள்ளிப் பார்த்தால் சாணி வாடை இருக்கக் கூடாது, உதிர வேண்டும். உள்ளே பிறை போலச் சுருண்ட வெள்ளைப் புழு தென்பட்டால் எருவைப் பரப்பிப் பொறுக்கி எடுத்த பிறகே பாத்திக்கு விடுங்கள். நூறு சதுர அடிக்கு மக்கிய எரு 25 கிலோ நல்ல அளவு. அரைக் கிலோ வேப்பம் பிண்ணாக்கை அதோடு கலந்து, நடவுக்குப் பத்து நாள் முன்பே இட வேண்டும்.

சேலத்தைச் சுற்றித் தேங்காய் நார்க் கழிவு தாராளமாகக் கிடைக்கிறது. இது உரம் ஆகாது, ஈரம் பிடித்து வைக்கும் பஞ்சு மட்டுமே. மக்காமல் போட்டால், தான் மக்குவதற்காக மண்ணிலுள்ள தழைச்சத்தையும் இழுத்துக்கொள்ளும். அதிலுள்ள உப்பும் சேர்ந்தால் நாற்றின் இலை ஓரம் காய்ந்த காகிதம் போலாகும். கட்டியை ஊறவைத்துப் பிழிந்து, தண்ணீரைக் கொட்டி, குறைந்தது மூன்று முறை இப்படிச் செய்யுங்கள். உப்பேறிய போர்த் தண்ணீரில் கழுவினால் கழுவியதற்குப் பலனில்லை; மழைத் தண்ணீரோ குழாயில் வரும் ஆற்றுத் தண்ணீரோ வேண்டும்.

ஜவ்வரிசி ஆலைத் திப்பியும் (கிழங்குச் சக்கை) மரவள்ளித் தோலும் சும்மா கிடைக்கிறதே என்று நேராகப் பாத்தியில் கொட்டுவதும் இந்த வகைதான். ஈரத் திப்பி புளித்துவிடும், மரவள்ளித் தோலில் சயனைடைத் தரும் பொருள் உண்டு. மட்கு குவியலில் ஐந்தில் ஒரு பங்குக்கு மிகாமல், காய்ந்த சருகோடு மாற்றி மாற்றி அடுக்கி மக்க வைத்த பிறகு பயன்படுத்தலாம்.

மட்கு குவியல் என்றால் மூலையில் குப்பை கொட்டும் இடம் என்றே பல குழுக்கள் நினைக்கின்றன. நீளம், அகலம், உயரம் மூன்றும் மூன்று அடிக்குக் குறைந்தால் குவியலில் சூடு நிற்காது. சமையலறைக் கழிவு ஒரு கூடை என்றால் காய்ந்த சருகு இரண்டு, மூன்று கூடை போட வேண்டும். தூங்குமூஞ்சி மரச் சருகும் புங்கன் சருகும் அருமையாக மக்கும். தைல மரச் சருகு வேண்டாம். பிடித்துப் பிழிந்தால் விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு வர வேண்டும். ஒழுகினால் நாறும், காய்ந்தால் எறும்பு குடியேறும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை புரட்டினால் மூன்று மாதத்தில் தயார்.

பத்துப் பேர் ஊற்றும் தண்ணீர்

கூட்டுத் தோட்டத்துக்கே உரிய நோய் இது. காலையில் நடைப்பயிற்சிக்கு வரும் பெரியவர் ஒரு வாளி ஊற்றுவார். பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளைகள் ஒரு வாளி. சாயங்காலம் வேறொருவர் வந்து, ‘அடடா, மண் காய்ந்து கிடக்கிறதே’ என்று இன்னொரு வாளி. மேல்மண் எப்போதும் வெயிலில் காய்ந்துதான் தெரியும். கீழே வேர் மூச்சு முட்டி அழுகும்போது செடி தலை தொங்கும். அதைப் பார்த்து நான்காவது ஆளும் ஊற்றுவார். விரலை இரண்டாவது கணுவரை மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, அங்கே ஈரம் இருந்தால் வாளியைக் கீழே வைத்துவிட வேண்டும்.

கடும் கோடையில் மூடாக்கு (மண்ணை மூடும் சருகுப் போர்வை) இல்லாத நூறு சதுர அடிப் பாத்திக்கு நாளொன்றுக்கு 45 லிட்டர் வரை தேவைப்படும். தினமும் தெளிப்பதைவிட ஒருநாள் விட்டு ஒருநாள் ஆழமாக நனைப்பது நல்லது. கொட்டகைக் கம்பத்தில் ஒரு நோட்டும் பேனாவும் கட்டித் தொங்கவிடுங்கள்: தேதி, பாத்தி எண், யார் ஊற்றியது. முறை வைக்கும்போது ஆடி மாதத்தைத் தனியாகக் கவனியுங்கள். கோட்டை மாரியம்மன் பண்டிகை நாட்களில் ஊரே கோயிலில் இருக்கும். அதே வாரங்களில்தான் விதை முளைத்து, ஒருநாள் காய்ந்தாலும் கருகிவிடும் பருவத்தில் இருக்கும். அந்த நாட்களுக்கு மாற்று ஆள் பெயரை முன்கூட்டியே எழுதி வையுங்கள்.

படத்தில் பார்த்துவிட்டு எல்லாப் பாத்தியையும் உயர்த்திக் கட்டுவதும் வேண்டாத வேலை. ஆவணி முதல் கார்த்திகைவரை அரை அடி உயர்ந்த பாத்தி சரி. மாசிக்குப் பிறகு செம்மண்ணில் உயர்ந்த பாத்தி நான்கு பக்கமும் காய்ந்து போகும்; அப்போது பள்ளப் பாத்திதான் காப்பாற்றும். அகலம் நான்கடிக்கு மேல் வேண்டாம், இல்லாவிட்டால் நடுவில் களை எடுக்கப் பாத்திக்குள் கால் வைக்க நேரும். மூடாக்கு மூன்று அங்குலக் கனம் போடலாம், தண்டை ஒட்டி இரண்டு அங்குலம் விட்டு. தண்டோடு ஒட்டினால் செம்மண்ணில் கரையான் நேராகத் தண்டுக்கு ஏறும். ஏற்காட்டில் இந்தத் தொல்லையை நத்தை கொடுக்கும். அங்கே சரிவுக்குக் குறுக்காகப் பாத்தி போடாவிட்டால் ஒரே மழையில் மேல்மண் கீழே போய்விடும்.

பூச்சியைப் பார்த்ததும் தெளிப்பது

செம்பருத்தியிலோ கத்தரியிலோ வெள்ளைப் பஞ்சு தெரிந்ததும் மாவுப்பூச்சி என்று கையால் நசுக்கத் தொடங்குவார்கள். சற்றுக் குனிந்து பாருங்கள். கூட்டமாக அசையாமல் ஒட்டிக்கிடப்பவை மாவுப்பூச்சி. அவற்றின் நடுவே கொஞ்சம் பெரிதாக, நீண்ட வெள்ளை மெழுகு இழைகள் கலைந்து தொங்க, குச்சியால் தொட்டதும் சுறுசுறுப்பாக நகர்ந்து ஓடுகிறதா? அது கிரிப்டோலேமஸ் என்ற பொறிவண்டின் புழு. மாவுப்பூச்சியைத் தின்பதுதான் அதன் வேலை, தோற்றம் மட்டும் இரையைப் போலவே இருக்கும். அதை நசுக்கிய தோட்டத்தில் அடுத்த மாதம் மாவுப்பூச்சி இரட்டிப்பாகும். எறும்பு சாரைசாரையாக ஏறுகிறதா என்றும் பாருங்கள். எறும்பு இனிப்புக்காக மாவுப்பூச்சிக்குக் காவல் நிற்கும், பொறிவண்டை அண்ட விடாது.

வேப்பெண்ணெய் தெளிப்பதில் நடக்கும் தவறு, எண்ணெயை நேராகத் தண்ணீரில் ஊற்றுவது. எண்ணெய் மேலே மிதக்கும், தெளிப்பானின் குழாய் அடியிலிருந்து வெறும் தண்ணீரை உறிஞ்சும், முதல் நாற்பது செடிக்கு மருந்தே போகாது. கடைசி நான்கு செடிக்குச் சுத்த எண்ணெய் விழுந்து இலை பொசுங்கும். முதலில் 5 மில்லி எண்ணெயில் கொஞ்சம் காதி சோப்புக் கரைசலை விட்டுப் பால் போல வெளுக்கும்வரை அடித்துக் கலக்கி, பிறகு ஒரு லிட்டர் தண்ணீர் சேர்க்க வேண்டும். வெயில் தாழ்ந்த பிறகு ஒரு செடியில் தெளித்து, இரண்டு நாள் பார்த்துவிட்டு மற்றவற்றுக்குப் போங்கள்.

ஒரே பாத்தியில் ஒரே குடும்பம்

எல்லோருக்கும் தக்காளி வேண்டும், அடுத்த பட்டத்தில் கத்தரி, அதற்கடுத்து மிளகாய். மூன்றும் ஒரே குடும்பம். ஒன்றின் நோய் மற்றதற்குக் காத்திருக்கும். சிலர் மாற்றிப் போடுகிறோம் என்று வெண்டை விதைப்பார்கள், ஆனால் வேர்முடிச்சு நூற்புழுவுக்குத் தக்காளியைப் போலவே வெண்டையும் விருந்து. காய்ப்பு முடிந்த செடியைப் பிடுங்கியதும் வேரைக் கழுவிப் பாருங்கள். அவரை, தட்டைப்பயறு வேரில் இருக்கும் நல்ல முடிச்சு நகத்தால் தட்டினால் உதிரும், பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். நூற்புழு முடிச்சு வேரே வீங்கியதால் வந்தது, பிரிந்து வராது. இரண்டாவதைக் கண்டால் அந்த வேரை மட்கு குவியலில் போடாமல் எரித்துவிட்டு, அந்தப் பாத்தியில் மூன்று மாதம் செண்டுமல்லியை நெருக்கமாக நட்டு, பூ முடிந்ததும் அங்கேயே மடக்கி உழுதுவிடுங்கள்.

விதையைக் கலந்துவிடுவது

குழுவில் விதை பரிமாறுவது நல்ல வழக்கம். ஆனால் வீரிய ஒட்டு ரகத்தில் எடுத்த விதை தாயைப் போல வராது. பாக்கெட்டில் அந்தச் சொல் இருந்தால் விதைக்காக விடாதீர்கள். தக்காளி பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்ப்பதால் நாட்டு ரகத்தில் கவலை குறைவு. சுரை அப்படியில்லை: பக்கத்துத் தெருவில் நீளச் சுரையும் நம் பந்தலில் குடுவைச் சுரையும் இருந்தால் விதையில் இரண்டும் கலந்துவிடும்.

சுரைப் பூ சாயங்காலம் விரியும். அடியில் குட்டிக் காய் ஒட்டியிருப்பது பெண் பூ. அன்று விரியப் போகிற பெண் மொட்டையும், அதே ரகத்தின் வேறொரு கொடியில் உள்ள ஆண் மொட்டையும் பிற்பகலிலேயே காகிதப் பையால் மூடிக் கட்டிவிடுங்கள். இருட்டும் வேளையில் ஆண் பூவைப் பறித்து, இதழ்களை நீக்கி, மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் தடவி, மறுபடி மூடுங்கள். காம்பில் சிவப்பு நூல் கட்டி, எல்லோரிடமும் சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் யாராவது கூட்டுக்குப் பறித்துப் போய்விடுவார்கள். மூன்றாம் நாள் பையை எடுத்துவிடலாம். அந்தக் காய் கொடியிலேயே முற்றி, ஓடு காய்ந்து, எடுத்துக் குலுக்கினால் உள்ளே விதை கலகலக்கும்போது உடைத்து, நிழலில் உலர்த்தி, ரகம், பந்தல் எண், ஆண்டு எழுதிய துணிப்பையில் கட்டி வையுங்கள்.