உரக் கணக்கை மாடலிடம் விடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்: வேலூர் வட்டாரத்துக்கு ஒரு விளக்கம்

ஏக்கருக்கு இத்தனை கிலோ யூரியா என்று செல்போனில் ஓர் எண் வந்து நின்றால் யாருக்கும் கேள்வி கேட்கத் தோன்றாது. தசமப் புள்ளியோடு வந்துவிட்டால் நம்பிக்கை இன்னும் கூடும். அந்த எண்ணுக்குப் பின்னால் இருப்பது ஒரு புள்ளியியல் மாடல். எங்கெங்கோ எடுத்த மண்ணையும் எப்போதோ அறுத்த விளைச்சலையும் இணைத்துப் போட்ட ஒரு கோடு, அவ்வளவுதான். கோடு சரியாகவே இருக்கலாம். ஆனால் அது யாருடைய மண்ணைப் பார்த்துப் போட்டது?

மண்வள அட்டையிலேயே இந்தக் கேள்வி தொடங்கிவிடுகிறது. 2015-ல் திட்டம் வந்தபோது வகுத்த முறைப்படி, பாசன நிலத்தில் 2.5 ஹெக்டேருக்கு ஒரு மண் மாதிரி, மானாவாரியில் 10 ஹெக்டேருக்கு ஒன்று. 2.5 ஹெக்டேர் என்றால் ஆறு ஏக்கருக்கும் மேல். அணைக்கட்டு, கே.வி.குப்பம் பக்கம் அந்த ஆறு ஏக்கரில் நாலைந்து பேர் பயிர் வைத்திருப்பார்கள். ஒருவர் ஏரி வண்டல் அடித்திருப்பார், இன்னொருவர் வருஷக்கணக்கில் கரும்பு போட்டிருப்பார், மூன்றாமவர் நிலம் தரிசாகக் கிடந்திருக்கும். இவர்கள் எல்லோருக்கும் சேர்த்து வந்த சராசரி, ஒருவருடைய மண்ணுக்கும் பொருந்தாமல் போக நிறைய வாய்ப்பு உண்டு. வண்டல் அடித்த விவரம் எந்த மாடலுக்கும் தானாகத் தெரியாது, நாம்தான் சொல்ல வேண்டும்.

அடுத்தது மண் எடுக்கும் விதம். என் கணக்கில் பெரும்பாலான கோளாறு இங்கேதான். பாதையோரம், பம்புசெட் பக்கம் என்று கைக்கு எட்டிய இடத்தில் நாலு பிடி அள்ளி அனுப்பினால், அதற்கு மேல் எவ்வளவு நல்ல கணக்குப் போட்டாலும் பயனில்லை. வரப்போரம், எருக்குழி, வாய்க்கால், மர நிழல், அண்மையில் உரம் போட்ட இடம், இவற்றை விட்டுவிட வேண்டும். மேலே கிடக்கும் சருகை ஒதுக்கிவிட்டு, ஆங்கில 'வி' எழுத்துப்போல 15 செ.மீ. ஆழம் வெட்டி, குழியின் பக்கவாட்டில் மேலிருந்து கீழ்வரை ஒரே கனத்தில் மண்ணைச் சீவி எடுக்க வேண்டும். இப்படிப் பத்துப் பதினைந்து இடம். எல்லாவற்றையும் கலந்து பரப்பி, நாலாகப் பிரித்து எதிரெதிர்ப் பங்கைத் தள்ளி, மறுபடி கலந்து, அரைக் கிலோ வரும்வரை குறைத்து, நிழலில் உலர்த்த வேண்டும்.

எதை எதோடு கலக்கிறோம் என்பது இதைவிட முக்கியம். பாலாற்றை ஒட்டி வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் தோல் தொழிற்சாலைக் கழிவால் நிலமும் கிணறும் உப்பேறிய கதை, 1996-லேயே உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை போன விஷயம். அங்கே ஒரே கொல்லையில் ஒரு மூலை உவராகவும் மறு மூலை நன்றாகவும் இருக்கலாம். இரண்டையும் கலந்து அனுப்பினால் உப்பின் அளவு நடுத்தரமாகத் தெரியும். நல்ல மூலைக்குத் தேவையில்லாத வைத்தியம், உவர் மூலைக்குப் போதாத வைத்தியம் என்று முடியும். தனித்தனியாக எடுங்கள். மாடல் உண்மையிலேயே கைகொடுக்கிற இடமும் இதுதான்: எந்தப் பகுதியில் தன் கணிப்பு உறுதியாக இல்லை என்று அது காட்டுகிறதோ அங்கே கூடுதலாக மண் எடுக்கலாம்.

மாடல் தரும் வண்ண மண் வரைபடத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். மண் எடுத்த இடங்களாகப் பத்துப் புள்ளி கொடுத்தாலும் மென்பொருள் அழகாக வரைந்து தந்துவிடும். எடுத்த புள்ளிகளை வைத்து இடைப்பட்ட இடங்களைக் கணிக்கும் கிரிகிங் போன்ற முறைக்குத் தூரத்துக்கும் மண்ணின் மாறுபாட்டுக்கும் உள்ள உறவை நம்பகமாகக் கணிக்கவே நூறு புள்ளியாவது வேண்டும் என்பது அந்தத் துறையில் பழகிய கணக்கு. இரண்டு ஏக்கருக்கு அது ஆகிற காரியமில்லை. மேடு, பள்ளம், உவர் என்று பிரித்துக்கொள்வதே போதும்.

செயற்கைக்கோள் படத்தில் வெளிறித் தெரிந்தால் உடனே தழைச்சத்து (நைட்ரஜன்) குறைவு என்று முடிவு கட்டுவது இன்னொரு தவறு. நெல்லில் துத்தநாகக் குறையாக இருக்கலாம், நிலக்கடலையில் இரும்புக் குறையாக இருக்கலாம், தண்ணீர் தேங்கியும் இருக்கலாம். சென்டினல்-2 என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோளின் படத்தில் ஒரு கட்டம் 10-க்கு 10 மீட்டர், சுமார் இரண்டரை சென்ட். அரை ஏக்கர் கடலைக் கொல்லைக்கு இருபது கட்டம்தான் கிடைக்கும், அதிலும் ஓரத்துக் கட்டங்களில் வரப்பும் தென்னையும் கலந்திருக்கும். கடலைக்கு இன்னொன்று: தழை, மணி (பாஸ்பரஸ்), சாம்பல் (பொட்டாசியம்) ஆகிய மூன்று சத்தை மட்டும் பார்க்கிற மாடல் சுண்ணாம்புச் சத்தைக் (கால்சியம்) கண்டுகொள்ளாது. காய் திரள அதுதான் வேண்டும். விதைத்து 40-45 நாளில் மண் அணைக்கும்போது ஹெக்டேருக்கு 400 கிலோ ஜிப்சம் என்ற சிபாரிசு அதற்காகத்தான்.

மாடல் செய்பவர்களுக்கும் இரண்டு வார்த்தை. பக்கத்துப் பக்கத்து வயல்களைக் குலுக்கி, பழக்க ஒரு பங்கு, சோதிக்க ஒரு பங்கு என்று பிரித்துச் சோதித்தால் துல்லியம் பொய்யாக உயரும். பக்கத்து வயலின் விடையை மாடல் ஏற்கெனவே பார்த்துவிட்டதே! குடியாத்தம் தரவை முழுதாக மறைத்துவிட்டு, மற்ற ஊர்த் தரவில் பழக்கிய மாடலிடம் குடியாத்தத்தைக் கேளுங்கள். அப்புறம், உரம் கூடக் கூட விளைச்சல் எப்படி மாறுகிறது என்று காட்டும் வளைவு. ஒரே விளைச்சல் தரவுக்கு, ஏறி உச்சம் தொட்டு இறங்கும் இருபடி வளைவு பொருத்தினால் ஓர் உர அளவு வரும், ஏறிப்போய்ச் சமதளமாகும் கோடு பொருத்தினால் வேறு அளவு வரும். செராட்டோ, பிளாக்மர் என்ற ஆய்வாளர்கள் 1990-ல் மக்காச்சோளத்தில் பார்த்தபோது, இருபடி வளைவு தேவைக்கு மேல் தழைச்சத்தைச் சொல்லும் போக்கு தெரிந்தது. அந்த மிகுதிக்குக் காசு கொடுப்பது விவசாயி.

சரி, எல்லாம் ஒழுங்காக வந்தும் அலகில் கோட்டை விடுவதுண்டு. ஹெக்டேருக்கு 100 கிலோ தழைச்சத்து என்று சிபாரிசு வந்தால் ஏக்கருக்குச் சுமார் 40 கிலோ. யூரியாவில் தழைச்சத்து 46 சதவீதம்தான், ஆகவே 88 கிலோ யூரியா, 45 கிலோ மூட்டையில் இரண்டு மூட்டைக்குச் சற்றுக் குறைவு. அதே 100-ஐ ஏக்கர்க் கணக்கு என்று எடுத்துக்கொண்டால் 217 கிலோ, கிட்டத்தட்ட ஐந்து மூட்டை! நெல்லில் அதைக் கொட்டினால் பயிர் சாயும், புகையானும் இலைச்சுருட்டுப் புழுவும் வரும். மணிச்சத்தில், ஆய்வறிக்கை தனிப் பாஸ்பரசாகச் சொல்கிறதா, உர மூட்டையில் அச்சிட்டிருப்பதுபோல பி2ஓ5 (பாஸ்பரஸ் ஆக்சைடு) ஆகச் சொல்கிறதா என்று பாருங்கள். முன்னதை 2.29-ஆல் பெருக்கினால்தான் பின்னது.

மாடலை நம்பலாமா என்று பார்க்க உங்கள் வயலே போதும். சில பாத்திக்கு மாடல் சொன்ன அளவு, சில பாத்திக்கு வழக்கமாகப் போடும் அளவு. ஒவ்வொன்றுக்கும் மூன்று பாத்தியாவது வேண்டும், எது எந்தப் பாத்திக்கு என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். நல்ல பாத்தியாகப் பார்த்து மாடலுக்குக் கொடுத்துவிட்டால் சோதனை கெட்டுப்போகும். அறுவடையன்று தனித்தனியாகக் காயவைத்து, ஒரே ஈரப்பதத்தில் எடை போட்டு, உரச் செலவைக் கழித்துப் பாருங்கள்.