கல்லறையில் இருப்பது ஆணா, பெண்ணா: அகழாய்வு அறிக்கையைப் படிக்கும் முறை

ஸ்பெயினில் செவில் நகருக்குப் பக்கத்தில் வலென்சினா என்ற ஊர். 2008இல் அங்கே செம்புக் காலக் கல்லறை ஒன்றைத் தோண்டினார்கள். தலைமாட்டில் முழு யானைத் தந்தம், கூடவே சிக்கிமுக்கிக் கல் குறுவாள். பழைய அறிக்கையைப் படித்துவிட்டு 'தலைவன்' என்று நோட்டில் எழுதிவைத்திருந்தேன். 2023இல் பல்லைச் சோதித்தார்கள். அது பெண். அந்தத் தவறைத் தேடிப் போனபோது பிடிபட்ட முறைதான் இது.

படி 1. நோட்டில் இடப்பக்கம் எலும்பு, வலப்பக்கம் பொருள்கள். எலும்பை முடிக்கும்வரை வலப்பக்கத்தை மூடி வையுங்கள். எக்செல் வேண்டாம். எல்லாம் ஒரே வரிசையில் தெரிந்தால் கண் நேராகக் குறுவாளுக்குத்தான் போகும்.

படி 2. நான் சறுக்கிய இடம் இது. ஆணா, பெண்ணா என்று மட்டும் பார்க்காதீர்கள், எதை வைத்துச் சொன்னார்கள் என்று பாருங்கள். இடுப்பெலும்பு நன்றாகக் கிடைத்தால் நம்பலாம். வலென்சினாவில் எலும்புகள் மோசமாகச் சிதைந்திருந்தன. அதனால் 'ஆணாக இருக்கலாம்' என்றுதான் எழுதியிருந்தார்கள். அந்த 'இருக்கலாம்' என் நோட்டுக்கு வரவில்லை.

அப்புறம் பல் எனாமல். அதிலுள்ள அமெலோஜெனின் புரதத்துக்கு எக்ஸ் குரோமோசோம் தரும் வடிவம் ஒன்று, ஆண்களிடம் இருக்கும் ஒய் குரோமோசோம் தரும் வடிவம் ஒன்று. ஒய் தென்பட்டால் ஆண். தென்படவில்லை என்பதற்காக உடனே பெண் என்று எழுதிவிடக் கூடாது, புரதமே அழிந்துபோயிருக்கலாம். எக்ஸ் வலுவாகத் தெரிந்து, ஒய் துளியும் இல்லாமல் இருக்க வேண்டும்.

படி 3. இப்போது வலப்பக்கம். குறுவாள் இருப்பதால் ஆண், ஆண் என்பதால் குறுவாள் என்று சுற்றுகிறார்களா பாருங்கள். ஸ்வீடனில் பிர்கா என்ற வைக்கிங் கால ஊரின் கல்லறை ஒன்றில் வாள், கோடரி, இரண்டு குதிரைகள் இருந்தன. 1878இல் தோண்டியதிலிருந்து ஆண் வீரன் என்றே சொல்லிவந்தார்கள். 2017இல் மரபணுச் சோதனை பெண் என்றது.

படி 4. அறிக்கையில் சுடுமண் உருவங்களும் வந்தால், அவற்றுக்கு ஆண், பெண் என்று இரண்டு கட்டம் போதாது, 'அடையாளம் இல்லை' என்று மூன்றாவதும் போடுங்கள். துருக்கியில் சாத்தல்ஹூயுக் என்ற புதிய கற்கால ஊரில் அமர்ந்த பெண் உருவம்தான் பிரபலம். ஆனால் அங்கே கிடைத்தவற்றில் விலங்கு உருவங்களே மிக அதிகம். பிரபலமான ஒன்றை வைத்து 'தாய்த்தெய்வ வழிபாடு' என்று முடிவுகட்டுவது எனக்கு ஏற்பில்லை.

பின்சேர்க்கை: குழந்தைகளுக்கு என்ன செய்வது என்று பின்னூட்டத்தில் கேட்டிருந்தார்கள். பருவமடையாத எலும்பில் ஆண், பெண் வேறுபாடு தெளிவாகத் தெரியாது. எலும்பை மட்டும் பார்த்து 'சிறுமி' என்று எழுதியிருந்தால் பென்சிலால் கேள்விக்குறி போடுங்கள். எனாமல் சிறுவயதிலேயே உருவாகிவிடுவதால் அந்தச் சோதனை குழந்தைகளுக்கும் சரிவரும்.