ஹிரோஷிமாவில் ஜப்பானியக் குடும்பத்துடன் வார இறுதிப் பயணம்: புதிய மாணவர்களுக்கான செய்முறை விளக்கம்

ஹிரோஷிமாவில் பரிமாற்ற மாணவராக ஒரு ஜப்பானியக் குடும்பத்துடன் பத்து மாதங்கள் தங்கிப் படித்தேன். சனி, ஞாயிறுகளில் ஊரைச் சுற்றிக் காட்டுவது அக்குடும்பங்கள் மனமுவந்து செய்யும் காரியம். எனினும் அந்த இரண்டு நாட்களும் நன்றாக அமைய மாணவர் தரப்பிலும் சில ஆயத்தங்கள் தேவை என்பதை நான் தாமதமாகவே கற்றுக்கொண்டேன். ஐகோகா பயண அட்டையும் கைப்பேசி இணைப்பும் உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் என்று எடுத்துக்கொண்டு நேராகப் பயணத்திற்கு வருகிறேன்.

முதற்படி: போக விரும்பும் இடத்தைச் சொல்லுங்கள்

வியாழன் அல்லது வெள்ளி இரவு உணவின்போது, "எங்கே போகலாம்?" என்று ஒகாசான் கேட்பார். (தங்கும் வீட்டுத் தாயை ஒகாசான் என்றும் தந்தையை ஒதோசான் என்றும் அழைப்பதே வழக்கம்.) "தோகோதேமோ ஈ தெஸ்" (எங்கு வேண்டுமானாலும் சரி) என்று பதில் சொல்வதுதான் மரியாதை என நான் நினைத்திருந்தேன். உண்மையில் அந்தப் பதில் முழுப் பொறுப்பையும் அவர்கள் தலையில் ஏற்றிவிடுகிறது. உங்களுக்குப் பிடிக்குமோ பிடிக்காதோ என்ற கவலையுடனேயே அவர்கள் நாள் முழுவதும் நடப்பார்கள். ஒரு தாளில் இரண்டு இடங்களை எழுதி, ஒவ்வொன்றிலும் நீங்கள் காண விரும்பும் ஒரே ஒரு பொருளையும் குறித்துக் கொடுங்கள். கைப்பேசிச் செயலிகளைவிட இந்தத் தாளையே நான் பரிந்துரைப்பேன். எங்கள் வீட்டில் அது குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டப்பட்டு, பாட்டி உட்பட அனைவரும் படித்துக் கருத்துச் சொல்லும் திட்டமாக மாறியது.

இரண்டாம் படி: சனிக்கிழமை நகரத்திற்கு, ஞாயிற்றுக்கிழமை தீவிற்கு

அமைதி நினைவு அருங்காட்சியகத்தையும் மியாஜிமா தீவையும் ஒரே நாளில் பார்த்து முடிக்கும் பயணத் திட்டங்கள் பல உண்டு. அவற்றைப் பின்பற்ற வேண்டாம். 1945 ஆகஸ்ட் 6 காலை 8.15 மணிக்கு நின்றுபோன கைக்கடிகாரத்தையும், குழந்தைகளின் கருகிய உடைகளையும் பார்த்து வெளியே வந்தவுடன் படகேறிச் சிரித்துப் படமெடுக்க மனம் வராது. அருங்காட்சியகக் கட்டணம் கல்லூரி மாணவர்களுக்கும் பெரியவர்களுக்கும் 200 யென், உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு 100 யென். கூட்டம் சேருமுன் காலையிலேயே சென்றுவிடுவது நல்லது.

இன்னொன்றையும் வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன். உள்ளே நிற்கும்போது, "உங்கள் குடும்பத்தில் யாரேனும் பாதிக்கப்பட்டார்களா?" என்று கேட்காதீர்கள். எங்கள் பாட்டி அங்கே ஒரு சொல்லும் பேசவில்லை. திரும்பும் வழியில் டிராமில் அமர்ந்த பிறகு, குண்டு விழுந்த மூன்றாம் நாளே ஒரு தடத்தில் டிராம் மீண்டும் ஓடியதையும், அன்று தப்பிய வண்டிகளில் சில இன்றும் இருப்பதையும் அவராகவே சொல்லத் தொடங்கினார். கேட்டிருந்தால் அந்த உரையாடல் நடந்திருக்காது என்றே நம்புகிறேன்.

டிராமில் கட்டணத்தை இறங்கும்போது செலுத்த வேண்டும். ரொக்கமாகக் கொடுப்பவர்கள் சரியான சில்லறையைப் பெட்டியில் போட வேண்டும். மீதி திரும்பி வராது. தாள்களில் ஆயிரம் யென் தாளை மட்டுமே மாற்றித் தரும் சில்லறை இயந்திரம் பெட்டியோடு இணைந்திருக்கும். அதிலிருந்து விழும் காசுகளை எடுத்து, எண்ணி, மறுபடியும் பெட்டியில் போட வேண்டும். இறங்கும் நேரத்தில் பின்னால் வரிசை நிற்க இதைச் செய்வது கடினம் என்பதால், சிவப்பு விளக்கில் வண்டி நிற்கும்போதே மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

மதிய உணவுக்கு ஒகோனோமியாகி சாப்பிடலாம். மெல்லிய மாவின்மேல் முட்டைக்கோஸைக் குவித்து, இறைச்சி, நூடுல்ஸ், முட்டை என்று அடுக்குவது இந்த ஊர் முறை. "ஹிரோஷிமாயாகி" என்ற பெயரை உள்ளூரார் பலரும் விரும்புவதில்லை. ஒகோனோமியாகி என்றே சொல்லுங்கள்.

மூன்றாம் படி: ஓதத்தை (கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கத்தை) பாருங்கள்

நான் இருமுறை தவறிய படி இது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

மியாஜிமா தீவிலுள்ள இட்சுகுஷிமா ஆலயத்தின் பெரிய தோரி வாயில் கடலுக்குள் நிற்கிறது. 1875இல் எழுப்பப்பட்ட இன்றைய வாயில் ஏறத்தாழ 16 மீட்டர் உயரமும் 60 டன் எடையும் கொண்டது. அதன் தூண்கள் கடற்படுகையில் ஆழப் புதைக்கப்படவில்லை. தன் எடையாலேயே அது நிலைத்து நிற்கிறது. அந்தக் கற்பூர மரத் தூணின் அடியில் நின்று அண்ணாந்து பார்க்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

முதல் முறை ஓதத்தைப் பார்க்காமலே சென்றோம். நண்பகலில் கடல் ததும்பி நின்றது; வாயிலின் அருகே போக முடியவில்லை. ஒகாசான் என்னிடம் மன்னிப்புக் கேட்டது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது. ஆசையை முன்பே சொல்லாதது என் பிழை.

இரண்டாம் முறை, ஓத அட்டவணையில் "கன்ச்சோ" எனக் குறிக்கப்படும் தாழ் ஓத நேரத்தைக் கவனமாகப் பார்த்துச் சென்றோம். அந்த நேரத்திலும் வாயிலைச் சுற்றித் தண்ணீர் இருந்தது. காரணம் வீடு திரும்பிய பிறகே புரிந்தது: நேரத்தை மட்டும் பார்த்த நான், அதன் பக்கத்தில் இருந்த சென்டிமீட்டர் எண்ணைப் பார்க்கவில்லை. நீர்மட்டம் 100 சென்டிமீட்டருக்குக் கீழே இறங்கினால்தான் வாயில் வரை நடக்க முடியும். 250க்கு மேல் ஏறினால் ஆலயமே கடலில் மிதப்பதுபோல் தோன்றும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்ற இறக்க வேறுபாடு மிகுதி. அரைநிலா நாட்களில் அது குறைவு என்பதால், தாழ் ஓதத்திலும் நீர் போதிய அளவு வற்றாமல் போகலாம்.

ஆகவே நிலாவை முதலில் பாருங்கள். அடுத்து, அந்த ஞாயிற்றுக்கிழமைக்கான தாழ் ஓத நேரத்தையும் அதன் அளவையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்திற்கு ஒரு மணி நேரம் முன்பே தீவில் இருக்குமாறு ரயிலைத் தேர்ந்தெடுங்கள். ஏற்றத்திற்கும் இறக்கத்திற்கும் இடையே சுமார் ஆறு மணி நேரம் உண்டு. பாட்டி சம்மதித்தால் மாலை வரை தங்கி இரு காட்சிகளையும் காணலாம்.

நான்காம் படி: தீவுக்குச் செல்லும் வழி

ஹிரோஷிமா நிலையத்திலிருந்து ஜேஆர் ரயிலில் மியாஜிமாகுச்சிக்கு அரை மணி நேரம் ஆகும். அங்கிருந்து படகில் பத்து நிமிடம். டிராமிலும் போகலாம், ஆனால் இருமடங்குக்கும் மேலாக நேரம் பிடிக்கும் என்பதால் முதியவர் உடன் வரும்போது ரயிலே சிறந்தது. 2023 அக்டோபர் முதல் தீவுக்கு வருவோரிடம் 100 யென் வரியும் படகுக் கட்டணத்துடன் சேர்த்துப் பெறப்படுகிறது. தீவில் திரியும் மான்களுக்கு உணவளிக்கக் கூடாது. காகிதத்தைக் கண்டால் அவை மென்றுவிடும் என்பதால் வரைபடத்தையும் பயணச்சீட்டையும் பைக்குள் வையுங்கள்.

செலவைப் பொறுத்தவரை, நுழைவுக் கட்டணங்களை ஒதோசான் கொடுத்தால் தடுத்து வாதிட வேண்டாம். நன்றி சொல்லி ஏற்றுக்கொண்டு, பின்னர் அனைவருக்கும் சூடான மோமிஜி மஞ்சூ வாங்கிக் கொடுங்கள். மேப்பிள் இலை வடிவக் கேக்கினுள் இனிப்புப் பயறு வைத்த பண்டம் அது.

பின்சேர்க்கை

இதைப் படித்த இருவர், சைவ உணவு உண்பவர்கள் என்ன செய்வது என்று கேட்டிருந்தனர். "நிகு நுகி" (இறைச்சி வேண்டாம்) என்று சொன்னால் ஒகோனோமியாகியில் இறைச்சியை விட்டுவிடுவார்கள். ஆனால் முட்டை இருக்கும், இறைச்சி வெந்த அதே இரும்புத் தட்டில்தான் அதுவும் வேகும், மேலே மீன் தூளும் தூவப்படலாம். உதோன் (தடித்த நூடுல்ஸ்), மிசோ சூப் ஆகியவற்றின் சாறு பெரும்பாலும் காய்ந்த மீனிலிருந்து எடுக்கும் தாஷியால் ஆனது. ஜப்பானியர் பலர் அதை அசைவமாகக் கருதுவதில்லை. ஆகவே "இறைச்சி உண்ணமாட்டேன்" என்பதோடு நிறுத்தாமல், "மீன் தாஷியும் ஆகாது" என்று முதற்படியில் சொன்ன அதே தாளில் எழுதிக் கொடுங்கள். கடையில் அமர்ந்த பிறகு சொன்னால் ஒகாசான் வேறு கடை தேடி அலைவார்; வெள்ளிக்கிழமையே தெரிந்தால் வீட்டிலிருந்தே ஒனிகிரி (சோற்று உருண்டை) கட்டி எடுத்து வருவார்.