அருவிக்கரையில் கூடாரம்: டெல்டாக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் தெருவில் கூடாரம் வைத்திருப்பவன் நான் ஒருவன்தான். கல்யாண வீட்டுக்கு அண்டா இரவல் கேட்பதுபோல, முழுப்பரீட்சை முடிந்ததும் ஆள் வர ஆரம்பித்துவிடும். "ரெண்டு நாள்தான் அண்ணே, கொல்லிமலை போயிட்டு வந்து கொடுத்துடறோம்." பதினைந்து வருடத்துக்கு மேலாகக் குடும்பத்தோடு மலைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன், கொடுப்பதில் வருத்தமில்லை. ஆனால் வாங்கிப்போகிறவர்கள் நான் செய்த முட்டாள்தனங்களையே வரிசை மாறாமல் செய்துவிட்டு, திண்ணையில் உட்கார்ந்து சிரித்துச் சிரித்துச் சொல்லும்போதுதான் எனக்கு வயிறு எரியும்.

டார்ச் எடுங்கள், மாத்திரை மறக்காதீர்கள், பாறை வழுக்கும் என்பதையெல்லாம் எழுதப்போவதில்லை. அதை வீட்டில் அம்மாவே சொல்லி அனுப்பிவிடுவார்.

ஆடிப் பதினெட்டில் கொல்லிமலை

நமக்கு அன்றைக்குக் காவிரிக்கரையில் சித்திரான்னம். மலையில் அதே நாளையொட்டி வல்வில் ஓரி விழா. சுற்றுவட்டாரமே மேலே ஏறியிருக்கும். கூடாரம் போடுவது இருக்கட்டும், வேனை நிறுத்த இடம் கிடைத்தால் சொல்லுங்கள்.

எழுபது வளைவை டிரைவர் தலையில் கட்டுவது

கும்பகோணத்தில் ராத்திரி பத்து மணிக்குக் கிளம்பி, திருச்சி, நாமக்கல், சேந்தமங்கலம் என்று ஓட்டவைத்து, விடியுமுன் காரவள்ளியில் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறச் சொல்வது. வேண்டாம். அடிவாரத்தில் அவரைத் தூங்கவிடுங்கள். இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பாமல், எந்தக் கியரில் ஏறினாரோ அதிலேயே இறங்கச் சொல்லுங்கள். தரையிலேயே ஓட்டிப் பழகிய நம் ஊர் டிரைவர்கள் பலருக்கு இது கையில் வராது. பிரேக் தீய்ந்த வாடை மூக்கில் ஏறினால் வண்டியை ஓரங்கட்டி ஆறவிடுங்கள். "கொஞ்ச தூரம்தானே" என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

இறங்கும் காலை நம்புவது

ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். மற்ற மலைகளில் முதலில் ஏறுவோம், முடியவில்லையென்றால் திரும்பிவிடலாம். இங்கே கணக்கு தலைகீழ். அறப்பளீஸ்வரர் கோயில் பக்கமிருந்து கீழே இறங்கித்தான் அருவியைப் பார்க்க வேண்டும். இறங்கும்போது எல்லோருக்கும் இருபது வயது. குளித்து முடித்து, ஈர வேட்டியோடு, வயிறு முட்ட புளியோதரையும் சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்து பார்க்கும்போதுதான் படிகள் கண்ணில் படும்.

என் மாமனாரை ஒருமுறை அப்படி இறக்கிவிட்டேன். ஏறும்போது பத்துப் படிக்கு ஒருதரம் உட்கார்ந்தார். திட்டவில்லை, ஒன்றும் பேசவுமில்லை. ஊர் வந்து சேர்ந்த பிறகு மூன்று நாளும் பேசவில்லை. அதிலிருந்து எங்களுக்கு ஒரு ஏற்பாடு: முழங்கால் வலிக்காரர்கள் கோயிலோடு சரி. சாப்பாடு மேலே, குளியல் கீழே. இறங்குகிறவர்கள் வெயில் சாய்வதற்குள் மேலே வந்துவிட வேண்டும்.

ஓடை மணலில் கூடாரம்

இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நமக்குத் தண்ணீர் என்பது தேதி சொல்லிவிட்டு வரும் விருந்தாளி. ஜூன் 12 மேட்டூர் திறந்தால் மூன்று நான்கு நாளில் கல்லணை. அங்கே பூவும் நெல்லும் தூவித் திறந்துவிட்டால் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, கடைமடைக்கு வர இன்னும் பல நாள். எங்கள் வாய்க்காலில் முதல் தண்ணீர் சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு ஊர்ந்து வரும். சின்ன வயதில் அதற்கு முன்னால் பின்பக்கமாக நடந்தபடியே அரை மைல் கூட்டிவருவோம். நடையிலேயே முந்திவிடக்கூடிய தண்ணீரைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அந்தப் பழக்கத்தை மூட்டையோடு சேர்த்துக் கட்டி மலைக்கும் எடுத்துப்போகிறோம்.

2009 மே மாதம். கொல்லிமலை அடிவாரத்தில், துறையூர் பக்கத்துப் புளியஞ்சோலை. ஆகாய கங்கையாக விழும் அதே அய்யாறுதான் கீழே அந்த வழியாக வருகிறது. அன்றைக்குத் தண்ணீர் கணுக்கால் அளவுதான். ஓரத்தில் அழகான மணல் திட்டு. மேட்டில் கூடாரத்தை விரித்துப் பார்த்தேன். கல் தரை, முளை இறங்கவில்லை. மணலில் கையால் அமுக்கினாலே இறங்கியது. சரி, மத்தியானம் பெரியவர்கள் சாயவும் பிள்ளைகள் தூங்கவும் இது போதும் என்று அங்கேயே போட்டுவிட்டேன். அந்த மணல் அங்கே எப்படி வந்தது என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். ஆறு கொண்டுவந்து போடாமல் மணல் எங்கிருந்து வரும்?

சாப்பிட்டு முடித்து மூன்று மணி இருக்கும். எங்கள் தலைக்குமேல் பளிச்சென்று வெயில். மலை உச்சிப்பக்கம் மட்டும் கறுப்பாக இருந்தது. அத்தை தண்ணீர் ஓரமாக உட்கார்ந்து குண்டான் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்ப்பா, தண்ணி கலங்குதே?"

"மேல யாராவது எறங்கிக் குளிப்பாங்க அத்தை."

இந்தப் பதில்தான் இன்றுவரை என்னை உறுத்துகிறது. அறிகுறி கண்முன் இருந்தது, ஆற்றோரம் பிறந்த ஒரு கிழவி அதைச் சரியாகப் படித்தும் சொல்லிவிட்டார். எல்லாம் தெரிந்தவன்போல நான் வாயை அடைத்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் அத்தை மறுபடியும், "நார் வெச்ச கல்லைக் காணோம்ப்பா" என்றார். தேங்காய் நாரை ஒரு கல்மேல் வைத்துவிட்டு குண்டானைத் தேய்த்திருக்கிறார். திரும்பினால் நாரும் இல்லை, கல்லும் இல்லை. ஓடை முழுக்க டீ நிறம். சருகும் சுள்ளியும் சுழன்று வந்தன. அப்புறம்தான் அந்தச் சத்தம். கல் லாரி ஒன்று கியர் மாற்றி மேடேறுவது மாதிரி, ஆனால் ரோடு இருந்த பக்கமிருந்து அல்ல.

கூடாரத்துக்குள் தங்கை மகன் தூங்கிக்கொண்டிருந்தான், அப்போது நாலு வயது. என் மனைவி அவனைப் பாயோடு சுருட்டித் தூக்கினாள். நாங்கள் மேடேறித் திரும்பிப் பார்த்தபோது கூடாரம் உள்ளே காற்றோடு ஒரு பெரிய பந்து மாதிரி எழும்பி, ஒரு சுற்று சுற்றி, பாறையில் மோதிக் கிழிந்து போனது. கூடவே மண்ணெண்ணெய் அடுப்பு, குக்கர், அத்தையின் குண்டான், ஏழு ஜோடி செருப்பு. எல்லோரும் வெறுங்காலோடு வேன் ஏறினோம். கிளம்புமுன் எட்டிப் பார்த்தேன். தண்ணீர் வடிந்து, மணல் திட்டு புதிதாக வழித்துவிட்டாற்போல இருந்தது. நாங்கள் அங்கே சோறு தின்றதற்கு ஒரு தடயம் இல்லை.

இது ஏன் நமக்குப் பிடிபடுவதில்லை? கும்பகோணம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 25 மீட்டர் உயரம்தான். அதாவது நம் ஊரிலிருந்து கடலுக்குப் போகும்வரை காவிரி இறங்குவது மொத்தமே ஏறக்குறைய 80 அடி. ஆகாய கங்கை ஒரே குதியில் 300 அடி இறங்குகிறது. நம் வயல் மழையைக் குடிக்கும், வாய்க்கால் வாங்கும், குளம் தேக்கும். அங்கே பாறையும் சரிவும்தான், பெய்ததில் பெரும்பகுதி அப்படியே ஓடைக்கு வந்துவிடும். மழை மேலே பெய்யும். வெள்ளம் வெயிலடிக்கும் இடத்துக்கு வரும். போதாததற்கு நாம் கிளம்புவதே மே மாதத்தில். அப்போதுதான் பள்ளிக்கூடம் லீவு, வயலில் வேலையும் குறைவு. கோடை இடிமழை பெரும்பாலும் பிற்பகலில்தான் பிடிக்கும், நாம் சாப்பிட்டுச் சாயும் நேரம். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து பதினேழு வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தானே, அதுவும் கோடை மழைதான். குற்றாலத்தின் சீசன் ஜூனில்தான் தொடங்கும்.

இடம் பார்க்கும்போது ஓடையைப் பார்க்காதீர்கள், கரையோரப் புதர்களைப் பாருங்கள். கிளைகளில் காய்ந்த சருகு, வைக்கோல் மாதிரிப் புல், பிளாஸ்டிக் பை எந்த உயரத்தில் சிக்கியிருக்கிறதோ அதுவரை தண்ணீர் ஒருநாள் வந்திருக்கிறது. அதற்கும் நன்றாக மேலே போடுங்கள். முளை இறங்காவிட்டால் கயிற்றைக் கல்லில் கட்டலாம், மரத்தில் கட்டலாம். வேன் நிற்கும் கரையிலேயே போடுங்கள். எதிர்க்கரை அழகாக இருக்கிறதென்று தாண்டிப் போனால் திரும்ப வழியிருக்காது. குளிக்கும்போது தண்ணீரோரம் ஒரு கல்லை அடையாளம் வைத்துக்கொண்டு அடிக்கடி பாருங்கள். தண்ணீர் கலங்கினாலோ, சருகு வந்தாலோ, சத்தம் மாறினாலோ சாமானை எடுக்கப் போகாதீர்கள், பிள்ளையை எடுங்கள். முழங்கால் அளவு வேகத் தண்ணீர் பெரிய ஆளையே தள்ளிவிடும்.

இந்த மே மாதம் மலையில் ஒரு ஓடையோரம் ஒரத்தநாட்டுப் பக்கத்துக் குடும்பம் ஒன்று மணலில் முளை அடித்துக்கொண்டிருந்தது. போய்ச் சொன்னேன். "நாங்க காவிரித்தண்ணி பாத்தவங்க சார்" என்றார் அவர். அவர்மேல் கோபம் வரவில்லை. 2009இல் புளியஞ்சோலைக் கடைக்காரர் ஒருவர் எச்சரித்தபோது நான் சொன்ன வசனம் அது, ஒரு சொல் மாறவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து நார் வைத்த கல்லின் கதையைச் சொன்னேன். அவருடைய மனைவி எழுந்து தானே முளையைப் பிடுங்க ஆரம்பித்தார்.

குரங்கு

ஜிப்பைத் திறக்கும். மூடி இறுகிய தூக்குவாளியைத் திறக்காது.

நெருப்பு மூட்டாமல் தூக்கம் வராது என்பது

படத்தில் பார்த்துவிட்டு எல்லோருக்கும் கூடாரத்தின் முன்னால் தீ வேண்டும். காப்புக்காட்டில் தீ மூட்டுவது குற்றம், கூடாரம் போடவும் வனத்துறை அனுமதி வேண்டும். 2018 மார்ச் 11 குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் சிக்கி இறந்ததை மறக்க முடியுமா? காய்ந்த போதைப்புல் மலைச்சரிவில் பற்றினால் ஓடி முந்த முடியாது. தனியார் தோட்டத்தில், சொந்தக்காரரிடம் கேட்டு, பட்டா நிலத்தில் தங்குங்கள். சமையலுக்குச் சின்ன கேஸ் அடுப்பு போதும், அதையும் கூடாரத்துக்குள் பற்றவைக்கக் கூடாது. குளிருக்கு இருக்கவே இருக்கிறது போர்வை.

குளிருக்குப் பயந்து எல்லாவற்றையும் மூடுவது

கொல்லிமலை 1000 முதல் 1300 மீட்டர் உயரம். நம் ஊரைவிட ஆறேழு டிகிரியாவது குறையும். இரவு பத்துமணிக்கு நம் ஆட்கள் கூடாரத்தின் ஜன்னல், வாசல் எல்லாவற்றையும் இழுத்து மூடி ஆறு பேர் உள்ளே படுப்பார்கள். விடியற்காலையில் உள்ளே சொட்டும். "கூடாரம் ஒழுகுது அண்ணே" என்று என்னிடம் புகார் வரும். ஒழுகவில்லை, அது உங்கள் மூச்சு. மேல்பக்க வலை ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். குளிர் உண்மையில் தரையிலிருந்துதான் ஏறும். கீழே நெல் மூடும் படுதா, அதன்மேல் கோரைப்பாய், அதன்மேல் ஜமக்காளம். படுதாவின் விளிம்பு கூடாரத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைத்தண்ணீரை வாங்கி அடியில் விடும், உள்ளே மடித்துவிடுங்கள். என் பெரியப்பா ஒருமுறை கூடாரத்தைச் சுற்றி மண்வெட்டியால் வாய்க்காலே வெட்டிவிட்டார். கொத்தமல்லி விதைப்பாரோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அட்டை

வயலில் பார்த்ததுதான். பிய்க்காதீர்கள், நகத்தால் ஓரத்தை நெம்புங்கள்.

ஈரத்தோடு சுருட்டிக் கொடுப்பது

இரவல் வாங்குகிறவர்களுக்கு மட்டும் இது. ஈரமாகச் சுருட்டிப் பையில் திணித்தால் ஒரே வாரத்தில் பூஞ்சை பிடித்து நாறும், உள்பூச்சும் உரிந்துவிடும். வீட்டுக்கு வந்ததும் விரித்து உலர்த்துங்கள்.

போன வாரம் தங்கை மகன் கூடாரத்தைத் திருப்பிக் கொண்டுவந்தான். பாயோடு சுருட்டித் தூக்கிய அதே பையன், இப்போது காலேஜ் கடைசி வருடம். நண்பர்களோடு போயிருந்தான். கிளம்பும்போது அரை மணி நேரம் உட்காரவைத்து எல்லாம் சொல்லித்தான் அனுப்பினேன்.

"மேட்டுலதானேடா போட்டே?"

"ஆமா மாமா, நீங்க சொன்ன மாதிரியே."

அவன் போனதும் மொட்டை மாடிக்கு எடுத்துப்போய், வடகம் காய்ந்துகொண்டிருந்த இடத்தை ஒதுக்கிவிட்டு, பையைப் பிரித்து உதறினேன். மூலையிலிருந்து இரண்டு கைப்பிடி மணல் கொட்டியது. பருத்த மணல், வெயிலில் மினுமினுப்பு. வாரி ஒரு தூக்குவாளி மூடியில் போட்டு ஜன்னலோரம் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருவான்.