வறண்ட வழியில் தனியாக சைக்கிள் பயணமா? முதலில் தண்ணீர்க் கணக்கு

வறண்ட காற்றில் வியர்வை வந்த வேகத்திலேயே காய்ந்துவிடும். சட்டை நனையாததால் உடலில் நீர் குறைவது தெரியாது. பின்னால் காய்ந்து நிற்கும் உப்புக் கோடுதான் காட்டிக்கொடுக்கும். வெயிலில் மிதிக்கும்போது மணிக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை தேவைப்படலாம். 15 நிமிடத்துக்கு ஒருமுறை சில மடக்கு குடியுங்கள். நாள் முழுக்க வெறும் தண்ணீராகவே குடித்தால் உடலில் சோடியம் குறையும், அது ஆபத்து. ஒரு லிட்டர் நீரில் அரை டீஸ்பூன் உப்பும் 6 டீஸ்பூன் சர்க்கரையும் (தலைதட்டி அளந்து) கலந்து ஒரு பாட்டிலில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த தண்ணீர் எங்கே என்று உறுதியாகத் தெரியாமல், கையிருப்பு பாதியாகிவிட்டதா? திரும்பிவிடுங்கள். தனியாகப் போகிறவர்கள் இதில் மட்டும் சமரசமே செய்யக் கூடாது.

பாட்டிலுக்கு ஈரமான காலுறையை மாட்டிவிட்டால், வறண்ட காற்றே தண்ணீரைக் குளிர்விக்கும். எனக்கு மிகவும் பிடித்த உத்தி இது!

விடியும் முன் கிளம்பி, உச்சி வெயிலில் நிழலில் படுத்து, சாயங்காலம் மிச்ச தூரத்தை முடியுங்கள்.

முள் குத்தி பஞ்சரானால், டியூப் மாற்றும் முன் டயரின் உட்புறத்தைத் துணியால் ஒரு சுற்று தடவுங்கள். முள் அங்கேயே இருந்தால் புது டியூபும் போய்விடும்.

தலை சுற்றி, வெயிலிலும் உடல் சில்லிட்டால் உடனே இறங்கி நிழலுக்குப் போங்கள். போகும் பாதையையும் வந்துசேரும் நேரத்தையும் வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிட்டே கிளம்புங்கள்.